பொருளியல் விடைத்தாளைத் திருத்தும் முறை

பதினொன்றாம் வகுப்பில் சமநோக்கு வளைகோட்டைப் பற்றி எழுதும் மாணவர் எட்ஜ்வொர்த்தின் பெயரைக் குறிப்பிட்டால் நாம் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்வோம். 1881இல் அந்தக் கருத்தை முன்வைத்த அதே பிரான்சிஸ் எட்ஜ்வொர்த்தான், 1888இல் தேர்வு மதிப்பெண்களைப் புள்ளியியல் கண்ணோடு ஆராய்ந்து லண்டன் ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார். தகுதியுள்ள பல தேர்வாளர்கள் ஒரே தாளுக்குத் தனித்தனியே போடும் மதிப்பெண்களின் சராசரியே அந்தத் தாளின் உண்மையான மதிப்பெண். ஒருவர் மட்டும் போடுவது அதிலிருந்து சற்றுத் தள்ளித்தான் விழும் என்றார் அவர். 1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 28 போட்டவரும் இருந்தார், 90க்கு மேல் போட்டவரும் இருந்தார். கணக்குத் தாளுக்கே இந்தக் கதி.

பொருளியல் தாள் இன்னும் சிக்கலானது. வரையறை, வரைபடம், கணக்கு, காரண விளக்கம், நடப்புச் செய்தி எல்லாம் ஒரே தாளில் வருகின்றன. நம் மேல்நிலை இரண்டாம் ஆண்டு வினாத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90இல் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 7, ஆக 14. மூன்று மதிப்பெண் வினாக்கள் 7, ஆக 21. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 7, ஆக 35. முதல் பகுதியில் இரண்டு ஆசிரியர்களுக்குள் வேறுபாடு வர வழியே இல்லை. கடைசிப் பகுதியில் வினாவுக்கு ஒரு மதிப்பெண் வேறுபட்டாலே மொத்தத்தில் 7 போய்விடும். ஒரு மாணவருக்குக் கல்லூரியில் பி.காம். கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த ஏழுக்குள் அடங்கிவிடும். ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி நெடுவினாவைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கும்போது, மாணவர் குறியீட்டை ஒன்றாகவும் விடையை வேறாகவும் எழுதியிருந்தால் என்ன செய்வது என்பதை விடைக்குறிப்பில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இருபதாவது தாளில் போய் யோசிக்காதீர்கள்.

முதல் தாளைத் திறக்குமுன்

வினாத்தாளை நீங்களே தயாரித்திருந்தாலும் சரி, மாவட்டத்திலிருந்து பொது வினாத்தாளாக வந்திருந்தாலும் சரி, நெடுவினாக்களுக்கு மட்டுமாவது நீங்கள் ஒருமுறை விடை எழுதிப் பாருங்கள். பாடநூலைத் திறக்காமல் எழுதுங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எழுத நேரம் இருக்கிறது என்பதும், வினாவே குழப்பமாக இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். 'விளக்குக' என்று கேட்டுவிட்டு விடைக்குறிப்பில் ஆறு தலைப்புகளைப் பட்டியலிட்டு வைத்திருப்போம். அது வினாத்தாளின் பிழை. அதற்கு மாணவர் தண்டம் கட்டக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதற்கு என்று எழுதி வையுங்கள். 'நன்றாக எழுதியிருந்தால் 5, சுமாராக இருந்தால் 3' என்பது விடைக்குறிப்பு ஆகாது. அன்றைக்கு உங்கள் மனநிலை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அந்தச் 'சுமார்' இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு:

'பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த இந்திய ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை எவ்வாறு பயன்படுத்துகிறது? விளக்குக.' ஐந்து மதிப்பெண்.

நான் பிரிக்கும் விதம் இது. ரெப்போ விகிதம் என்றால் என்ன என்பதற்கு 1: அரசுப் பத்திரங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குத் தரும் பணத்துக்கான வட்டி. பணவீக்கக் காலத்தில் அதை உயர்த்தும் என்று திசையைச் சரியாகச் சொல்வதற்கு 1. உயர்த்தினால் விலை எப்படித் தணிகிறது என்ற காரணச் சங்கிலிக்கு 2: வங்கிக்குப் பணம் கிடைக்கும் செலவு கூடும், அது கொடுக்கும் கடனின் வட்டி ஏறும், கடன் வாங்குவோர் குறைவர், மொத்தச் செலவு குறையும், விலை மீதான அழுத்தம் தளரும். ஓர் எடுத்துக்காட்டுக்கோ, இந்த முறைக்குள்ள எல்லைக்கோ 1.

இப்போது மூன்று விடைகளைப் பார்ப்போம். மூன்றும் நான் அமைத்தவை. ஆனால் எந்தக் கட்டைப் பிரித்தாலும் இந்த மூவரும் உள்ளே இருப்பார்கள்.

முதல் மாணவி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். முத்துமுத்தான எழுத்து, நீல மையில் தலைப்பு, கறுப்பு மையில் விளக்கம், அடிக்கோடு. ரெப்போவின் வரையறை பாடநூலில் உள்ளபடி அப்படியே இருக்கிறது. 'பணவீக்கக் காலத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை உயர்த்தும்' என்ற வரியும் இருக்கிறது. அதன் பிறகு வங்கி விகிதம், ரொக்க இருப்பு விகிதம், சட்டபூர்வ நீர்மை விகிதம், வெளிச்சந்தை நடவடிக்கை என்று தனக்குத் தெரிந்த எல்லாக் கருவிகளையும் வரையறையோடு அடுக்கிவிட்டாள். உயர்த்தினால் என்ன ஆகும் என்பது எங்குமே இல்லை.

இரண்டாம் மாணவன் பத்து வரிதான் எழுதியிருக்கிறான். 'வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கும்போது கட்டுகிற வட்டி ரெப்போ. விலைவாசி ஏறும்போது ரிசர்வ் வங்கி இதைக் கூட்டும். அப்போது வங்கியும் நம்மிடம் கூடுதல் வட்டி கேட்கும். பைக் லோன் எடுக்க நினைத்தவர் தள்ளிப்போடுவார், கடைக்காரர் புதுச் சரக்குக்குக் கடன் வாங்க மாட்டார். வாங்குபவர் குறைந்தால் விலை ஏறாது. ஆனால் மழை பெய்து தக்காளி அழுகி விலை ஏறினால் இது உதவாது.' எழுத்து கோணல். இரண்டு இடத்தில் ஒற்று இல்லை.

மூன்றாமவன் வரையறையைச் சரியாக எழுதிவிட்டு, 'பணவீக்கத்தின்போது ரெப்போவைக் குறைக்கும், கடன் வட்டி குறையும், மக்கள் அதிகம் கடன் வாங்குவர், பணப்புழக்கம் கூடும், எனவே பணவீக்கம் கட்டுப்படும்' என்கிறான்.

வழக்கமாக என்ன நடக்கும்? முதல் தாளுக்கு 4 அல்லது 5, இரண்டாவதற்கு 2½, மூன்றாவதற்கு, எழுதிய அளவைப் பார்த்து, 3. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டால் முதல் தாளுக்கு 2 தான் வரும்: வரையறைக்கு 1, திசைக்கு 1. கேட்காத கருவிகளுக்குக் கொடுக்க மதிப்பெண் கையில் இல்லை. இரண்டாமவனுக்கு வரையறையில் பத்திர ஈடு விட்டுப்போனதால் ½, திசைக்கு 1, சங்கிலிக்கு முழுசாக 2, தக்காளிக்கு 1; மொத்தம் 4½. அந்தத் தக்காளி வரி சாதாரணமானதல்ல. தேவை மிகுந்து விலை ஏறுவதையும் வரத்துக் குறைந்து விலை ஏறுவதையும் அவன் பிரித்துப் பார்த்துவிட்டான். மூன்றாமவனுக்கு வரையறைக்கு 1, திசைக்கு 0, வட்டி குறைந்தால் கடன் கூடும், பணப்புழக்கம் கூடும் என்ற கண்ணிகள் தம்மளவில் சரி என்பதால் 1, முடிவு தனக்குத்தானே முரண்படுவதால் இன்னொன்று இல்லை. ஆக 2.

முதல் மாணவிக்கு 2 போட கை வராது. பாவம், எவ்வளவு படித்திருக்கிறாள் என்று தோன்றும். படித்தது உண்மைதான். அதற்குத்தான் இரண்டு மதிப்பெண் வினாக்களில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பாள். இங்கே கேட்டது 'எவ்வாறு' என்பது. அதற்கு அவள் விடை சொல்லவில்லை. பாடநூல் வரியை அப்படியே ஒப்பித்தவருக்கு முழு மதிப்பெண்ணும், புரிந்துகொண்டு சொந்தமாக எழுதியவருக்கு அரை மதிப்பெண்ணும் கொடுத்துக்கொண்டே இருந்தால், அடுத்த ஆண்டு எல்லாரும் ஒப்பிக்கத்தான் செய்வார்கள். பொருளியல் மதிப்பெண் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே மாணவர் போடும் முடிச்சுக்கு உரியது. என்னைக் கேட்டால், விடைத்தாள் திருத்துவதில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

விடைக்குறிப்பை எழுதியதும் அதைச் சட்டமாக்கிவிடாதீர்கள். கட்டிலிருந்து ஏழெட்டுத் தாள்களை உருவி, திருத்தாமல், அந்த ஒரு வினாவை மட்டும் படியுங்கள். மேலிருந்து வரிசையாக எடுக்காதீர்கள். வரிசை எண்படி அடுக்கிய கட்டில் மேலே இருப்பவை எல்லாம் ஒரே பிரிவாகவோ ஒரே பயிற்று மொழியாகவோ இருக்கும். நடுவிலும் அடியிலும் எடுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத சரியான விடை ஒன்று அதில் இருக்கும். அதைக் குறிப்பில் சேர்த்துக்கொண்ட பிறகு பேனாவை எடுக்கலாம்.

வினா வாரியாக

பள்ளித் தேர்வென்றால் ஒரு தாளை முழுதாகத் திருத்தி முடித்து அடுத்ததற்குப் போகாதீர்கள். 41ஆம் வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்திவிட்டு 42க்குப் போங்கள். முதல் பகுதியில் 20க்கு 20 வாங்கியவரின் நெடுவினா நமக்குத் தானாகவே நன்றாகத் தெரியும். 7 வாங்கியவரின் நல்ல விடை கண்ணில் படாது. வினா வாரியாகப் போனால் இந்த மயக்கம் பெரிதும் விலகும். விடைக்குறிப்பும் மனத்தில் பசுமையாக இருக்கும். பக்கத்தைப் புரட்டுவதில் கொஞ்சம் நேரம் போகும், போகட்டும்.

முகப்புப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பள்ளியில் கையெழுத்தைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் பெயரைப் பார்த்துத் தொடங்குவது வேறு, பாதியில் எழுத்தை அடையாளம் காண்பது வேறு. ஒவ்வொரு வினாவுக்கும் தாள்களின் வரிசையையும் மாற்றுங்கள். தொடர்ந்து நான்கு மோசமான விடைகளுக்குப் பிறகு வரும் சுமாரான விடை பிரமாதமாகத் தெரியும். நான்கு நல்ல விடைகளுக்குப் பிறகு வந்தால் அதே விடை அடிவாங்கும். எப்போதும் ஒரே மாணவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பொதுத்தேர்வு முகாமில் இந்த வசதி இல்லை. அங்கே பெயர் இருக்காது, டம்மி எண்தான். தாள் தாளாகத்தான் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு நெடுவினாவுக்கும் முன்னால் குறிப்பை ஒரு கண் பார்த்துவிட்டுப் படியுங்கள். குறிப்பில் இல்லாத, ஆனால் சரியான ஒரு விடை வந்தால் நீங்களாகவே 0 போடவும் வேண்டாம், தாராளமாக 5 போடவும் வேண்டாம். முதன்மைத் தேர்வாளரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் முடிவு உங்களோடு அமர்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும்படி கேளுங்கள். ஒரு மேசையில் ஏற்றுக்கொண்ட விடையை அடுத்த மேசையில் தள்ளினால் அதைவிட அநியாயம் இல்லை.

கணக்கு வினாக்கள்

பெரும்பாலான பொருளியல் ஆசிரியர்கள் கணக்கு விடையில் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்கள். இது சோம்பல், வேறு பெயர் சொல்ல முடியாது. கீழே உள்ளதைப் பாருங்கள்.

நுகர்வு = 10 + 0.8 × வருமானம். வருமானம் ரூ.100 கோடி எனில் நுகர்வு, சராசரி நுகர்வு நாட்டம், இறுதிநிலை நுகர்வு நாட்டம், பெருக்கி ஆகியவற்றைக் காண்க, முதலீடு ரூ.20 கோடி கூடினால் வருமானம் எவ்வளவு கூடும்? ஒவ்வொன்றுக்கும் 1.

சரியான விடை: நுகர்வு 90, சராசரி 0.9, இறுதிநிலை 0.8, பெருக்கி 5, வருமானம் ரூ.100 கோடி கூடும். ஒரு மாணவர் நுகர்வையும் சராசரியையும் சரியாகக் கண்டுவிட்டு, இறுதிநிலை நாட்டத்தையும் 0.9 என்றே எழுதுகிறார். அதை வைத்து 1 ÷ (1 − 0.9) என்று போட்டுப் பெருக்கி 10 என்கிறார், வருமானம் ரூ.200 கோடி கூடும் என்று முடிக்கிறார். கடைசி மூன்று விடைகளும் தவறு. அப்படியானால் 2 மதிப்பெண்ணா? அவர் செய்த தவறு ஒன்றே ஒன்று: சராசரிக்கும் இறுதிநிலைக்கும் வேறுபாடு தெரியவில்லை. பெருக்கியின் சூத்திரம் தெரிகிறது; அதை முதலீட்டோடு பெருக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. 4 கொடுங்கள். ஒரு பிழைக்கு ஒருமுறைதான் கழிக்க வேண்டும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. இறுதிநிலை நாட்டத்தை 1.2 என்று எழுதி, பெருக்கி −5, வருமானம் ரூ.100 கோடி குறையும் என்று ஒருவர் முடித்தால் கடைசி மதிப்பெண்ணை நான் கொடுக்க மாட்டேன். முதலீடு கூடினால் வருமானம் குறையும் என்று எழுதும்போதே கை நின்றிருக்க வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு 'இது நடக்குமா' என்று கேட்பதும் பொருளியல்தான்.

தேவை நெகிழ்ச்சிக் கணக்கில் வேறொரு சிக்கல். விலை ரூ.10இலிருந்து ரூ.12 ஆகிறது, தேவை 100இலிருந்து 80 ஆகிறது. பழைய அளவை அடிப்படையாக வைத்தால் தேவை 20 சதவீதம் குறைந்தது, விலை 20 சதவீதம் ஏறியது, நெகிழ்ச்சி 1. நடுப்புள்ளி முறையில் போட்டால் சுமார் 1.22. எந்த முறை என்று வினாவில் சொல்லாதபோது இரண்டுமே சரி. ஒன்றில் நெகிழ்ச்சி ஒன்றுக்குச் சமம், மற்றதில் ஒன்றைவிட அதிகம் என்று முடிவே மாறுகிறதே என்று பதற வேண்டாம். மாணவர் தன் எண்ணுக்கு ஏற்ற முடிவைச் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கழித்தல் குறியை விட்டவருக்கும் மதிப்பெண்ணைக் கழிக்காதீர்கள். பாடநூல்களே பல இடங்களில் அதை விட்டுவிடுகின்றன. அடுத்த முறை வினாவில் முறையைக் குறிப்பிட்டுவிடுங்கள், தீர்ந்தது.

அலகு எழுதாததற்கு என்ன செய்வது? 'கோடி' விட்டுப்போனால் அரை மதிப்பெண் கழிக்கலாம், ஆனால் ஒரு கணக்கில் ஒருமுறை. நெகிழ்ச்சிக்கும் பெருக்கிக்கும் அலகே கிடையாது என்பதை மறந்து 'பெருக்கி 5 கோடி' என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை.

வரைபடம்

அடிக்கோல் வைத்துப் போட்ட அழகான படத்துக்கும் கையால் இழுத்த படத்துக்கும் ஒரே மதிப்பெண்தான். பார்க்க வேண்டியவை: இரு அச்சுகளுக்கும் பெயர் இருக்கிறதா, கோட்டின் சாய்வு சரியா, சமநிலைப் புள்ளியிலிருந்து அச்சுகளுக்குக் கோடு இறங்குகிறதா, மாற்றம் எந்தத் திசையில் என்று காட்டப்பட்டிருக்கிறதா. பெயரில்லாத அச்சு என்றால் படமே இல்லை என்று சிலர் 0 போடுவார்கள். விளக்கத்தில் 'விலை', 'அளவு' என்று அச்சுகளைச் சொல்லியிருந்தால் பாதியாவது கொடுக்கலாம்.

வெங்காயம் விலை ஏறினால் அதன் தேவைக்கு என்ன ஆகும், படம் வரைந்து காட்டு என்று கேட்டால், பாதிப் பேர் தேவைக்கோட்டையே இடப்பக்கம் தள்ளி வரைவார்கள். விலை மாறும்போது அதே கோட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத்தான் நகர்வோம். வருமானமோ ரசனையோ பிற பொருள்களின் விலையோ மாறும்போதுதான் கோடு இடம்பெயரும். அந்தப் பாடத்தின் உயிரே அதுதான். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே தயவு காட்டாதீர்கள். விளக்கத்தில் சரியாக எழுதிவிட்டுப் படத்தில் மட்டும் கோட்டைத் தள்ளியிருந்தால், விளக்கத்துக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டுப் படத்துக்கு உள்ளதைக் கழியுங்கள். ஒன்றின் தவறு மற்றதைத் தின்றுவிடக் கூடாது.

சிலர் விலையைக் கிடை அச்சிலும் அளவைச் செங்குத்து அச்சிலும் குறிப்பார்கள். பெயரைச் சரியாக எழுதி, கோடும் அதற்கேற்ப இறங்கினால் அதில் பிழை ஒன்றும் இல்லை. விலையைச் செங்குத்து அச்சில் போடுவது மார்ஷல் காலத்திலிருந்து வரும் பழக்கம். கணக்கு ஆசிரியரைக் கேட்டால் நாம்தான் தலைகீழாக வரைகிறோம் என்பார். மதிப்பெண் கொடுத்துவிட்டு, ஓரத்தில் 'வழக்கமான முறையைப் பின்பற்றவும்' என்று எழுதுங்கள்.

பாடநூலும் செய்தித்தாளும்

வேறெந்தப் பாடத்திலும் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பாடநூல் அச்சான பிறகு நாடு நிற்பதில்லை. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது 5, 12, 18, 28 என நான்கு முக்கிய விகிதங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 5, 18 என இரண்டாகவும், சிலவற்றுக்கு மட்டும் 40 ஆகவும் மாறியது. ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈராண்டு 6.5 சதவீதத்தில் நின்றது. 2025இல் பல முறை குறைக்கப்பட்டது. பழைய பாடநூலைப் படித்தவர் ஒன்று எழுதுவார், நாளிதழ் படிப்பவர் வேறொன்று எழுதுவார்.

நாளிதழ் படித்தவரைத் தண்டிப்பது பெரும் பாவம். பாடநூலை நம்பியவரைத் தண்டிப்பதும் முறையல்ல, புதிதை நீங்கள் வகுப்பில் சொல்லியிருந்தாலொழிய. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், வினாவில் 'தற்போதைய' என்ற சொல் இருந்தால் மட்டும் புதியதைக் கேளுங்கள். 2015 ஜனவரி 1இல் திட்டக்குழுவின் இடத்தில் நிதி ஆயோக் வந்தது போன்ற, பாடநூலுக்குள்ளேயே வந்துவிட்ட மாற்றங்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம். ஐந்து மதிப்பெண் விடையில் ஓர் ஆண்டோ ஒரு சதவீதமோ தவறிவிட்டால் அரைக்கு மேல் கழிக்காதீர்கள். 1969இல் தேசியமயமான வங்கிகள் 14 என்பதற்குப் பதில் 16 என்று எழுதியவர், தேசியமயமாக்கல் ஏன் என்பதைச் சரியாக விளக்கியிருந்தால் அவர் விடை நல்ல விடை.

கொள்கை வினாக்களில் மாணவரின் கருத்து நம் கருத்துக்கு எதிராக இருக்கலாம். பொதுத்துறை நிறுவனங்களை விற்கலாம் என்று ஒருவர் எழுதுவார், கூடாது என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டுக்கும் ஒரே அளவுகோல்: காரணம் சொல்லியிருக்கிறாரா, எதிர்த் தரப்பு ஒன்று உண்டு என்று அறிந்திருக்கிறாரா. ஆசிரியர் அறையில் நாம் அடிக்கும் அரசியலை விடைத்தாளில் தேடக் கூடாது.

எழுத்துப்பிழைக்குப் பொருளியலில் மதிப்பெண் கழிக்க இடமில்லை. 'நெகிழ்ச்சி'யில் ஒற்று விட்டுப்போனால் பொருள் கெடாது. 'இறுதிநிலை' என்பதற்குப் பதில் 'இறுதி' என்று எழுதினாலும் சூழலிலிருந்து புரிந்தால் விட்டுவிடுங்கள். 'சராசரி' என்று எழுதினால் அது எழுத்துப்பிழை அல்ல.

கூடுதல் விடைகளும் கட்டாய வினாவும்

பத்தில் ஏழுக்கு விடை எழுதச் சொன்னால் எட்டு எழுதி வைப்பவர் உண்டு. பள்ளித் தேர்வில் எல்லாவற்றையும் திருத்தி, மிகக் குறைந்ததை அடித்துவிடுங்கள். ஆனால் 30ஆம், 40ஆம் வினாக்கள் கட்டாயம். கட்டாய வினாவை விட்டுவிட்டு வேறு ஏழு எழுதியவருக்கு அந்தப் பகுதியில் ஆறுதான் கணக்கில் வரும். இதைக் கவனிக்காமல் ஏழையும் கூட்டிவிடுவது நம்மிடையே மிகச் சாதாரணமாக நடக்கிறது. பொதுத்தேர்வில் இதற்கெல்லாம் எழுத்துபூர்வமான அறிவுரை கையில் கொடுப்பார்கள். அதைப் படியுங்கள்.

களைப்பு, கூட்டல், எல்லைக்கோடு

மத்தியான உணவுக்குப் பிந்தைய தாள்களும் நாளின் கடைசித் தாள்களும் காலைத் தாள்களைப் போல மதிப்பெண் வாங்குவதில்லை. சிலருக்குக் கை இறுகும், சிலருக்கு இளகும். உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி: காலையில் திருத்திய முதல் மூன்று தாள்களின் நெடுவினா மதிப்பெண்ணைத் தனிச் சீட்டில் மட்டும் எழுதி வையுங்கள், தாளில் போடாதீர்கள். மாலையில் அவற்றை மறுபடி திருத்தி, சீட்டோடு ஒப்பிடுங்கள். அரைக்கு மேல் வேறுபட்டால் இடையில் திருத்தியவற்றை இன்னொருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

அரை மதிப்பெண்களை வினாவுக்கு வினா முழுதாக்காதீர்கள். ஏழு நெடுவினாவிலும் அரையைக் கூட்டி முழுதாக்கினால் ஒருவருக்கு 3½ சும்மா சேர்ந்துவிடும். எல்லாம் கூட்டி முடித்த பிறகு, கடைசியில் ஒரே ஒருமுறை.

கூட்டலை இரண்டு வழியில் செய்யுங்கள்: பகுதி வாரியாக ஒருமுறை, பக்க வாரியாக ஒருமுறை. இரண்டும் ஒத்துவந்தால்தான் முகப்பில் எழுத வேண்டும். எந்தப் பகுதியும் 20, 14, 21, 35 என்ற உச்சத்தைத் தாண்டவில்லை என்பதையும் ஒரு பார்வை. கடைசிப் பக்கத்தையும், கூடுதல் தாள் இணைத்திருந்தால் அதையும், வெறும் பக்கத்துக்குப் பின்னால் விடை தொடர்கிறதா என்பதையும் புரட்டிப் பாருங்கள். விடைத்தாள் நகல் வாங்கி மறுகூட்டலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பது நம் பொருளியல் அறிவின் குறையை அல்ல; திருத்தாமல் விட்ட ஒரு விடையையும் கூட்டலில் விட்ட ஓர் எண்ணையும்தான். அதற்குத்தான் விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வரும்.

தேர்ச்சிக் கோட்டின் ஓரத்தில் நிற்பவர்களைப் பற்றி: அகமதிப்பீட்டையும் சேர்த்து 100க்கு 35 தேர்ச்சி. 33, 34இல் நிற்கும் தாளை எடுத்து, எங்காவது ஒன்றிரண்டு ஒட்டிவைத்துத் தூக்கிவிடுவது நம் பள்ளிகளில் இரக்கம் என்று கருதப்படுகிறது. நான் அதை ஆதரிக்கவில்லை. 33 முதல் 37 வரை உள்ள தாள்களை எல்லாம் எடுத்து, நெடுவினாக்களை விடைக்குறிப்போடு மறுபடி படியுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பவரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முக்கியம். நியாயமாக ஏற வேண்டியவர் ஏறுவார். ஏறாதவருக்கு எந்தப் பாடம் தெரியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த தேர்வுக்கு முன் அதை நடத்தலாம்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது

விடைக்குறிப்பை, மதிப்பெண் பிரிவோடு, கரும்பலகையில் எழுதிவிட்டுத் தாள்களைக் கொடுங்கள். அதைப் பார்க்காமல் 'சார், எனக்கு ஏன் குறைஞ்சுது?' என்று கேட்பவரிடம், 'எந்த மதிப்பெண் உனக்கு வந்திருக்கணும்னு குறிப்பைப் பார்த்து நீயே சொல்லுப்பா' என்று கேளுங்கள். பாதிப் பேர் தாங்களே கண்டுகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மீதிப் பேரில் சிலர் சொல்வது சரியாக இருக்கும். அப்போது தயங்காமல் திருத்துங்கள்.

ஆனால் கேட்டவருக்கு மட்டும் திருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். அதே விடையை எழுதிவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கி, அந்த ஒரு வினாவை மட்டும் மறுபடி பார்த்து, சேர வேண்டிய மதிப்பெண்ணை எல்லாருக்கும் சேர்த்துவிட்டு, மதிப்பெண் பதிவேட்டிலும் அன்றைக்கே திருத்திவிடுங்கள்.